கண்கண்ட ஓவியரைப் படம் பிடித்த கதை

போன மாதம் என் பழைய ஆபீஸின் ஃபிலிம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். "சார், நீங்க எடுத்த முதல் டாக்குமெண்டரியைப் பத்திச் சொல்லணும்" என்றார்கள். எங்கள் காலத்தில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. நாங்கள் 'சர்க்கார் படம்' என்போம். ஜனங்கள் 'ஓசிப் படம்' என்பார்கள். டாக்குமெண்டரி என்றால் என்ன என்று அவர்களிடமே கேட்டேன். "உள்ளதை உள்ளபடி காட்டறது சார்" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

உள்ளதை உள்ளபடிதான் நானும் காட்டினேன். அதற்காக எனக்கு வசவும் விழவில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. காட்டியதை ஒருத்தரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதையைப் பையன்களிடம் அரைகுறையாகச் சொன்னேன். முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எப்படிக் கேமராவுக்கு வந்தேன் என்பது பெரிய விஷயமில்லை. பிறந்தது சுசீந்திரம் பக்கம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கண்ணாடித் தகடு கழுவினேன். பிறகு சென்னைக்குப் போய் ஒரு சினிமாக் கம்பெனியில் கேமராக்காரருக்குப் பின்னால் முக்காலி தூக்கினேன். யுத்தம் வந்தது. திருவனந்தபுரத்தில் சர்க்காரின் பிரசார ஆபீஸ் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு பழைய கேமராவை வாங்கி வைத்துவிட்டு, அதன் கைப்பிடியைச் சுற்றத் தெரிந்தவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சுற்றினேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சூப்பரண்டு குறுப்பு சார். நல்ல மனிதர், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் ஒருவனையும் பட்டினி போட்டதில்லை, ஒருவன் சம்பளத்திலும் கை வைத்ததில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, மடிப்புக் கலையாத தலைப்பாகை, ஐந்தடி தள்ளி நின்றாலும் வரும் பாச்சை உருண்டை வாசனை. அவருக்கு இருந்த ஒரே பலவீனம் தமிழ். இளவயதில் நாகர்கோவில் தாலுகாக் கச்சேரியில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருந்தார். அன்றிலிருந்து, "எனக்குத் தமிழ் நல்ல வசமுண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலையாளிகளிடம் மலையாளம், ஃபைல்களிடம் இங்கிலீஷ், தமிழர்களிடம் தமிழ். இதில் மாற்றம் கிடையாது. தமிழன் எவனாவது தவறிப்போய் மலையாளத்தில் வாயைத் திறந்துவிட்டால் அவர் முகம் வாடிவிடும். "நீர் எதற்காக்கும் மலையாளம் பறைகிறீர்? எனக்குத் தமிழ் மனசிலாகாது என்றோ?" என்பார். அப்புறம் அந்த ஆள் தமிழில் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார்.

அவருடைய தமிழில் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குப் படுவதையும் புத்திக்குப் படுவதையும் நாம் ஒரே சொல்லால் சொல்கிறோமில்லையா? 'தெரிகிறதா' என்றால் கண். 'தெரியுமா' என்றால் புத்தி. மலையாளத்தில் இந்த வம்பே இல்லை. கண்ணுக்கு 'காணாமோ', புத்திக்கு 'அறியாமோ'. குறுப்பு சாருக்குத் தெரிகிறதாவும் தெரியுமாவும் ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே கோயில் யானை போனால், "ஆனை தெரியுமா?" என்று எங்களைக் கேட்பார். தெரியும் என்போம். யானையை யாருக்குத் தெரியாது? அவரும் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

எங்கள் ஆபீஸில் ஓர் ஓவியர் இருந்தார். மாதேவன் பிள்ளை. பூதப்பாண்டிக்காரர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சுவர் விளம்பரம், பொருட்காட்சித் தட்டி எல்லாம் அவர் கைதான். ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கு எண்ணெய்ச் சாயத்தில் ஆளுயரப் படம் எழுதி ஹாலில் மாட்டுவது ஆபீஸ் வழக்கம். அதையும் அவர்தான் எழுதுவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், வித்துராவில் மலையடிவாரத்தில் புருஷனோடு கடை வைத்திருந்தாள். பிள்ளை தம்பானூரில் ஒரு லாட்ஜில் தனியாகத் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு, மதில் சுவரைத் தொட்டுக்கொண்டே ஆபீஸுக்கு நடந்து வருவார். அவருக்குக் கண் போய்விட்டிருந்தது. கொஞ்சங்கொஞ்சமாகப் போய், நான் வேலைக்குச் சேர்ந்தபோது முழுசாகவே போயிருந்தது.

கண் போன ஓவியர் அதை மறைப்பார், அவரைக் கண்டுபிடிப்பார்கள், இதுதான் கதை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாளே அவர் என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்:

"எடே தம்பி, நீ நம்ம ஊர்ப் பயலாம்லா? எனக்குக் கண்ணு தெரியாது, கேட்டியா? வெளிச்சமும் இருட்டும் ஒரு மாதிரி பிரிஞ்சு வரும், அம்புட்டுதான். இத நான் சொல்லாத ஆளு இந்த ஆபீசுல இல்ல. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கானுவ."

"ஏன் அண்ணாச்சி நம்பல?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்திருக்காருல்லா, எனக்கு நல்லா கண்ணு தெரியும்னு."

அது நடந்த விதம் இப்படி. பிள்ளை தம் கண் விஷயத்தை முதன்முதல் சூப்பரண்டிடம் சொன்னபோது, குறுப்பு சார் பதறிப்போய் அவரைத் தம் வண்டியிலேயே ஏற்றிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வடக்கே மலபாரிலிருந்து புதிதாக வந்திருந்தவர். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து. டாக்டர் மலையாளத்தில், "காணாமோ?" என்று கேட்டார். பிள்ளைக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தவர். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குறுப்பு சார் கையைத் தூக்கிவிட்டார். தம் ஆளிடம் தாம்தான் பேச வேண்டும், அதுவும் தமிழில்.

"பிள்ளே, இந்த எழுத்தெல்லாம் உமக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"சொல்லும்."

பிள்ளை மேலேயிருந்து கீழேவரை ஓர் எழுத்து விடாமல் சொன்னார். கடைசி வரியில் நாலாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்றும், அங்கே மை தீர்ந்துபோய் வேறு மை கலந்ததால் நிறம் மங்கலாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். டாக்டர் எழுந்து போய்க் கண்ணாடி வைத்துப் பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. மங்கலாகவும் இருந்தது. இப்படி ஒரு கண்ணைத் தாம் இதுவரை பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த அட்டையை, இவருக்கு முன்பு அங்கே இருந்த டாக்டர் கேட்டுக்கொண்டபடி, எழுதிக் கொடுத்ததே மாதேவன் பிள்ளைதான் என்பது டாக்டருக்குத் தெரியாது.

"அண்ணாச்சி, நீங்க ஏன் சொன்னீங்க? தெரியாதுன்னிருக்கலாமே?"

பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எழுதின எழுத்து எனக்குத் தெரியுமான்னு கேக்காரு. தெரியாதுன்னு பொய் சொல்லச் சொல்லுகியா? என் தொழில் என்னவாகுது? தெரியுதான்னு கேட்டா தெரியல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கலியே!"

அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தடவை சூப்பரண்டு முன்னால் போய் நின்று, "சார், எனக்கு ஒண்ணும் தெரியல்ல, என்னை விட்டுருங்க" என்று கெஞ்சியிருக்கிறார். குறுப்பு சார் மனம் உருகிவிடுவார். எங்களிடம், "பார்த்தீரா? இத்தனை பெரிய கலாகாரன். ஒன்றும் தெரியாது என்று பறைகிறார். இதாக்கும் அடக்கம்" என்பார். ஒரு நாள் பிள்ளை பொறுமை இழந்து மலையாளத்தில் தொடங்கியிருக்கிறார். "தமிழில் சொல்லும், தமிழில் சொல்லும்" என்று குறுப்பு சார் தடுத்துவிட்டாராம். மற்றவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்றால், யார் சொல்வது? சொல்ல வேண்டுமானால் முதலில் அவருடைய தமிழ் தப்பு என்று சொல்ல வேண்டும். அந்த ஆபீஸில் அதற்குத் துணிந்தவன் பிறக்கவில்லை.

இதில் சிரிப்பு மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் தெருவில் நடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்கள் தம்பானூர்ப் பக்கம் புகையை விட்டுக்கொண்டு கண்மண் தெரியாமல் வரும். ஒரு தடவை மாட்டு வண்டியின் நுகத்தடி இடித்து விழுந்து, நெற்றியில் கட்டோடு ஆபீஸுக்கு வந்தார். "மகள் வா வான்னு கூப்பிடுகா. போயி ஒரு மூலையில இருந்துகிட்டு, யாராவது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா போயி, சோறு போட்டாத் தின்னுகிட்டு இருக்கணும். அதுக்குக்கூட எனக்கு சர்க்கார் அனுமதி இல்லடே. இப்பிடியே விட்டானுவன்னா ஒரு நாளைக்கு வண்டிச் சக்கரத்துக்கு அடியிலதான் என்னைப் பொறுக்கணும்" என்றார். சொல்லாமல் ஓடிப் போய்விடலாமே என்று கேட்டேன். யுத்த காலம், ஆபீஸ் வேலையை விட்டு ஓடினவனைத் தேடிப் பிடிப்பார்கள், மகள் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும் என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இருந்தது.

இந்த நிலைமையில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சமஸ்தானத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றிச் சின்னப் படம் ஒன்று எடுக்க வேண்டும். ஊர் ஊராக வண்டியில் கொண்டுபோய்க் காட்ட. குறுப்பு சார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மாதேவன் பிள்ளைதான். டாக்டரே அதிசயித்த கண். படத்துக்குப் பெயரையும் அவரே வைத்தார், தமிழில்: 'கண்கண்ட ஓவியர்.'

நான் அவர் அறைக்குப் போய் நின்றேன். என் ஆயுசில் அதிகாரியை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், பிள்ளை அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியாது சார்."

"அறிவேன்" என்றார் குறுப்பு சார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அறிவீங்களா சார்?"

"அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் எப்போழும் பறையுமே. நீரும் அதை நம்பினீரா? நீர் சின்னப் பையன். போம், கேமராவைத் துடையும்."

போய்த் துடைத்தேன்.

எப்படிப் படம் எடுத்தோம் என்று அந்தப் பையன்கள் ஆவலாகக் கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். மின்விளக்கு வைத்து எடுக்கும் வசதி இல்லை. ஹாலின் கிழக்கு ஜன்னல்களைத் திறந்தால் காலை வெயில் உள்ளே விழும். அது போதாது. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்துத் தட்டிகளில் ஒட்டி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்போம். லென்ஸிலிருந்து ஆளின் மூக்குவரை டேப் பிடித்து அளந்து ஃபோகஸ் வைப்பேன். கைப்பிடியைச் சுற்றும் வேகம் மாறினால் திரையில் ஆள் ஓடுவான் அல்லது மிதப்பான். அதற்காக மனசுக்குள் ஒரு தாளம் போட்டுக்கொண்டே சுற்றுவேன். ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு தடவை எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப எடுப்பது கிடையாது. ஒலி கிடையாது. காட்டும்போது பக்கத்தில் நின்று ஒருவர் விளக்கம் வாசிக்க வேண்டும்.

படத்தில் பிள்ளை யாரை வரைவது என்று கேள்வி எழவே இல்லை. குறுப்பு சார் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஹாலில் மாட்ட வேண்டிய அவருடைய ஆளுயரப் படம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அதை முடிப்பதாகவே எடுக்கலாம் என்றார். கண் இல்லாமல் எப்படி அண்ணாச்சி எழுதினீர்கள் என்று கேட்டிருந்தேன். கோட்டையும் தலைப்பாகையையும் வாங்கி ராத்திரியெல்லாம் விரலால் தடவிப் பழகினாராம். சட்டத்தில் சின்ன ஆணிகள் அடித்து, நூல் கட்டி, எது எங்கே என்று கணக்கு வைத்திருந்தார். சாயக் குப்பிகள் வரிசை மாறக் கூடாது. "மீசையத் தொட்டுப் பாக்கச் சம்மதிச்சாரு, என்னமோ அளவெடுக்கேன்னு நெனச்சுக்கிட்டு. மூக்கத் தொட விடல்ல."

"அப்போ படத்தில இருக்கிற மூக்கு?"

"என் மூக்குதான். தெனமும் முகம் மழிக்கும்போ கைக்குப் பழகின மூக்கு அது ஒண்ணுதானே இருக்கு."

அந்தப் படத்தைப் பார்த்து ஆபீஸில் எல்லோரும் 'தத்ரூபம், தத்ரூபம்' என்றார்கள். தலைப்பாகையும் கோட்டும் மீசையும் நிஜமாகவே அப்படி அமைந்திருந்தன. ஒரு நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த குறுப்பு சாரின் மனைவி மட்டும் அதன் முன்னால் நின்று, "இதாரா?" என்று கேட்டார். இது யார் என்று அர்த்தம்.

படப்பிடிப்பு நாளில் குறுப்பு சார் புதுக் கோட்டும் புதுத் தலைப்பாகையும் போட்டு, அத்தர் பூசி வந்து நாற்காலியில் அமர்ந்தார். பழைய கோட்டும் தலைப்பாகையும் அவருக்கு இடப்புறம் ஏழெட்டு அடி தள்ளி ஸ்டாண்டில் தொங்கின. பிள்ளையைக் கூட்டிவந்து கான்வாஸ் முன்னால் நிறுத்தினேன். அவர் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பாச்சை உருண்டை வாசனை ஸ்டாண்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிள்ளை ஸ்டாண்டின் பக்கம் திரும்பி மரியாதையாகக் கும்பிட்டார்.

நான் கைப்பிடியைப் பிடித்தபடி குறுப்பு சாரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே முகத்தை விறைப்பாக்கி, மோவாயை உயர்த்தி, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுற்றும்" என்றார் உதடு அசையாமல்.

ஓடிப் போய்ப் பிள்ளையைத் திருப்பி விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. இவர்கள் காதால் கேட்டு நம்பவில்லை, கண்ணாலாவது பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு. சுற்றினேன். பிள்ளை தூரிகையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலால் கோட் ஸ்டாண்டை அளவெடுத்தார். கான்வாஸில் ஒரு தீற்று தீற்றினார். மறுபடி ஸ்டாண்டை உற்றுப் பார்த்தார். சார் கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க என்பதுபோல ஸ்டாண்டுக்குக் கை காட்டினார். அது திரும்பவில்லை. பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு மேலே வரைந்தார். தட்டி பிடித்து நின்ற பியூன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். ஃபிலிம் தீரும்வரை நான் கையை நிறுத்தவில்லை.

படம் கழுவி வந்தது. ஆபீஸில் போட்டுப் பார்த்தோம். குறுப்பு சார் இரண்டு தடவை பார்த்தார். "தலைப்பாகை கொஞ்சம் சரிந்தோ?" என்று கவலைப்பட்டார். மற்றவர்கள் சரியவில்லை என்று தைரியம் சொன்னார்கள். நான் ஒருவன்தான் மூலையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு மனுஷன் கோட் ஸ்டாண்டைக் கும்பிடுகிறான். அதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருடைய கண்ணும் அதிகாரியின் மேல் இருந்தது.

பெரிய அதிகாரி வந்திருந்த திறப்பு விழா அன்றும் அதேதான். குறுப்பு சார் திரைக்குப் பக்கத்தில் நின்று, தாமே எழுதிய தமிழ் விளக்கத்தை முழங்கினார். "இதோ, ஓவியரின் கழுகுக் கண்கள்! அவற்றிலிருந்து ஒன்றும் தப்பாது!" கைதட்டல் விழுந்தது. முடிந்ததும் பெரிய அதிகாரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் நேரே வந்து தோளில் தட்டி, மலையாளத்தில், "படம் கண்டோ?" என்று கேட்டார். பார்த்தீரா என்று அர்த்தம்.

பிள்ளை எழுந்து நின்றார். எத்தனையோ வருஷம் கழித்து ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். "கண்டில்லா சாரே" என்றார், கணீரென்று.

பெரிய அதிகாரியின் முகம் சிவந்தது. குறுப்பு சாரைத் திரும்பிப் பார்த்தார். ஓவியரைப் பற்றிய படத்தை ஓவியருக்கே சரியாகக் காட்டவில்லையா, மறைக்கிற மாதிரி நின்று யார் கத்திக்கொண்டிருந்தது என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். நாளைக்கே இவருக்காகத் தனியாக ஒரு தடவை படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். பிள்ளை இன்னும் ஏதோ சொல்ல நின்றுகொண்டிருந்தார். கார் போய்விட்டது.

ஆக, மறுநாள் மத்தியானம், கண் தெரியாத ஒருவருக்காகச் சர்க்கார் உத்தரவுப்படி ஒரு தனிக் காட்சி. ஜன்னல்களைச் சாத்தினோம். நடு ஹாலில் ஒரே ஒரு நாற்காலி. அதில் பிள்ளை. மறைக்கிறார் என்று திட்டு வாங்கியவராதலால் குறுப்பு சார் கடைசியில், என் புரொஜெக்டருக்கும் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தார். முந்தின நாள் முழங்கியதில் அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. விளக்கக் காகிதத்தை என் கையில் கொடுத்து, வாசியும் என்று சைகை காட்டினார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். "இதோ, ஓவியரின் கழுகுக்..."

"தம்பி" என்றார் பிள்ளை, திரும்பாமல். "நேத்தே அதக் கேட்டாச்சு. திரையில என்ன இருக்குன்னு சொல்லு. எனக்காகப் போடுக படம்லா?"

எனக்குப் பின்னால் சூப்பரண்டின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"நம்ம ஹால் அண்ணாச்சி. ஜன்னல் வழியா வெயில் விழுது. நடுவில கான்வாஸ். நீங்க தூரிகையோட நிக்கிறீங்க."

"நரைச்சுட்டேனா?"

"முழுசா நரைச்சுட்டீங்க."

"சரி. சார் எங்க இருக்காரு?"

"சார் இடது பக்கம் நாற்காலியில இருக்கார். புதுத் தலைப்பாகை கட்டியிருக்கார். நீங்க வலது பக்கம் பாத்து நிக்கிறீங்க. அங்க சாரோட பழைய கோட்டு ஸ்டாண்டில தொங்குது. நீங்க அதைக் கும்பிடுறீங்க."

பிள்ளையின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிந்தது. "கோட்டையா கும்பிட்டேன்? பொறவு?"

"அதை அளவெடுக்கிறீங்க. அதைத் திரும்பச் சொல்றீங்க. சார் நேரா என்னைப் பாத்துக்கிட்டிருக்கார். உங்க கண்ணு ரெண்டும் எதையும் பாக்கல அண்ணாச்சி. திரையில நல்லாவே தெரியுது."

எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. குறுப்பு சார் எழுந்து, புரொஜெக்டர் வெளிச்சத்தைக் குறுக்கே கடந்து, திரைக்கு வெகு அருகில் போய் நின்றார். திரையில் இருந்த அவரை அவர் பார்க்கவில்லை. வலது பக்கம் கோட்டைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். படம் முடிந்து வெள்ளை வெளிச்சம் மட்டும் அடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு வந்து பிள்ளையின் முன்னால் குனிந்தார். கட்டிய தொண்டையோடு, அந்த ஆபீஸில் முதன்முறையாக, ஒரு தமிழனிடம் மலையாளத்தில் கேட்டார்.

"பிள்ளே, தனிக்குக் கண்ணு காணாமோ?" உமக்குக் கண் தெரிகிறதா என்று.

"இல்ல சாரே. கண்ணு காணான் வய்யா."

"எந்தே பறயாஞ்ஞது?" ஏன் சொல்லவில்லை என்று.

"பறஞ்ஞு சாரே" என்றார் பிள்ளை. "தமிழில் பறஞ்ஞு."

குறுப்பு சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கோட்டோடு, சிமென்ட் தரையில். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ என்டெ படத்தில் ஆ மூக்கு?" பிள்ளை தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். குறுப்பு சார் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "தரக்கேடில்லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலை இருவரையும் ஏற்றிக்கொண்டு அவருடைய வண்டி மறுபடி கண் டாக்டரிடம் போனது. கூட நானும் போனேன். இந்தத் தடவை குறுப்பு சார் உள்ளே வரவில்லை. வராந்தாவில், அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்தியபடி நின்றார். டாக்டர் எழுத்து அட்டையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி மாட்டினார். வெறும் அட்டை. "காணாமோ?" "இல்லா." அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. டாக்டர் தம் பழைய சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் தரும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

'கண்கண்ட ஓவியர்' அதற்குப் பிறகும் ஊர் ஊராக ஓடியது. விளக்கம் வாசிக்க மட்டும் குறுப்பு சார் போகவில்லை. ஓய்வு பெற்ற நாளில் ஹாலில் படத்தை மாட்டினார்கள். அவர் அதன் கீழே நின்று பேசினார், மலையாளத்தில்.

பிள்ளையை வித்துரா பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போனேன். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. அதுவரை தெருவில் அவர் யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. என் கையைக்கூட. கண் தெரியும் என்று சர்க்கார் சொன்ன மனுஷன் எப்படிப் பிறர் கையைப் பிடிப்பது என்று ஒரு பிடிவாதம். அன்றும் என்னை ஓரடி தள்ளியே நடக்கச் சொன்னார். பஸ் கரிப்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஆட்களை அடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளை படிக்கு முன்னால் போய் நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தம்பானூர் முழுவதும் கேட்கும்படி, கல்யாணச் செய்தி சொல்கிறவர் குரலில் கூவினார்:

"எனக்குக் கண்ணு தெரியாது! எனிக்குக் கண்ணு காணான் வய்யா! யாராவது கையக் கொஞ்சம் பிடிங்கோ!"

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஏழெட்டுக் கைகள் ஒரே சமயத்தில் வந்தன.